ரோபோ ஆபரேஷனும் ஒரு பல் சர்டிபிகேட்டும்

அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வில் கசிவு. ரோபோ உதவியோடு சரிசெய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் அம்மா கேட்டது: "அப்ப நீங்க எங்க இருப்பீங்க?" கன்சோலில், அதாவது ரோபோவை இயக்கும் மேசையில், உட்கார்ந்து அதன் கைகளை ஆட்டுவதே தான்தான், அது தானாக எதையும் வெட்டாது என்று சிரித்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் அலைந்ததுதான் கதை.

அட்மிஷன் அன்று பெருங்களத்தூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பிப் போனால், "டென்டல் கிளியரன்ஸ் எங்கே?" என்றார்கள். பல்லில் கோளாறு இல்லை என்று பல் டாக்டர் தரும் சர்டிபிகேட். சொத்தைப் பல்லிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் ஒட்டிக்கொள்ளலாம். காரணம் நியாயம்தான், அதை முன்னாடியே சொன்னால் என்ன? அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. பிடுங்கி, புண் ஆறி, பத்து நாள் போனது. வால்வு ஆபரேஷன் என்றால் முதலில் பல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். 5 லட்சம் பாலிசி இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். "ரோபோட்டிக்னா பாதிதான் சார்" என்றார் கவுன்டரில் இருந்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். பாலிசியைப் புரட்டினேன். நவீன சிகிச்சைகள் என்ற தலைப்பில் பொடி எழுத்தில் இருந்தது. ரோபோ அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று 2019-லேயே இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. உச்சவரம்பு வைத்துக்கொள்ளவும் விட்டுவிட்டது. எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி இருக்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியிலும் பாலிசித் தொகையில் பாதிதான். டாக்டரைப் பார்க்கும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

பழைய முறைக்கே போய்விடலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தோம். சித்தப்பா ஞாபகம் வந்தது. அவருக்கு நெஞ்செலும்பைப் பிளந்து செய்தார்கள். இரண்டு மாதம் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் இருமினார், குடம் தூக்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது. அம்மாவுக்கு விலா இடுக்கில் சின்னச் சின்னத் துளைகள்தான். ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் மெஷினின் குழாயைத் தொடை இடுக்கு வழியாகப் போட்டார்கள். அந்த ரத்தக்குழாய் தாங்குமா என்று பார்க்கத் தனியாக ஒரு சிடி ஸ்கேன். அது சரியில்லை என்றால் இந்த முறை ஒத்துவராது. மீதிப் பணத்துக்கு வளையல் அடகுக்குப் போனது.

ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். காலை பத்து மணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பில் அனுப்பினார்கள், மதியம் மூன்று மணிவரை பதில் இல்லை. மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி அப்ரூவலை முடிக்க வேண்டும் என்பது 2024-லிருந்து விதி. கேட்டால் "சிஸ்டம் ஸ்லோ" என்றார்கள். ஐஆர்டிஏஐ புகார் எண் 155255-ஐப் போனில் அடித்து, அழைக்காமல், கவுன்டரில் அவர் கண்ணெதிரே வைத்தேன். இருபது நிமிடத்தில் அப்ரூவல் வந்துவிட்டது.

ரூமுக்கு ஓடினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "பில்லு கட்டியாச்சா? வா, போலாம்."