பலகையில் மேஜர், பதக்க அட்டையில் லெப்டினன்ட்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளில் பணியாற்றி, எங்கள் பள்ளி நினைவுப் பலகையில் பெயர் பெற்ற மாணவர்கள் 43 பேரின் பதவிகளைச் சரிபார்த்துத் தருவதாகப் பழைய மாணவர் சங்கத்தில் நானாகவே ஒப்புக்கொண்டேன். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை பதினொரு மாதம் இழுத்தது.

போரில் இறந்தவர்களால் சிரமம் இல்லை; காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் ஒரே மாலையில் கிடைத்துவிட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள்தாம் அலைக்கழித்தார்கள். சாதாரணச் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின என்பதை அறியாமல், வெறும் பெயர்களை எழுதிக்கொண்டு ஓர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் பயணமாகப் போய் நின்றேன். வாசலிலேயே பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில்தான் அனுமதி என்றார்கள். உள்ளே இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, "படை எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்டார். படை ஒவ்வொரு சிப்பாய்க்கும் கொடுத்த அந்த எண், யாருக்கு என்ன போர்ப் பதக்கம் என்று ராணுவம் குறித்து வைத்த பதக்க அட்டைகளில் இருக்கும், அவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த மூன்று வாரங்கள் மிஞ்சியிருக்கும். எண் கிடைத்த பிறகும் கவனம் தேவை. ஒரே எண் வெவ்வேறு ரெஜிமென்டுகளில் வெவ்வேறு ஆட்களுக்கு இருந்தது. படை மாறியவருக்குப் புது எண் கொடுத்தார்கள்.

அதிகாரிகளின் பதவி உயர்வுக்கு, பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டே கதி. ஆனால் அறிவிப்பு பல வாரங்கள் கழித்து, முன்தேதியிட்டு வெளிவரும். பதவியேற்ற நாளை வைத்துத் தேடினால் கிடைக்காது. ஒருவரை நினைவுப் பலகை மேஜர் என்றது, பதக்க அட்டை லெப்டினன்ட் என்றது, கெஜட்டோ தற்காலிகக் கேப்டன் என்றது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்றே எண்ணினேன். பிறகு இன்னொரு இதழின் பொடி எழுத்தில், பீரங்கி அணி ஒன்றுக்குத் தலைமை வகிக்கும் காலத்துக்கு மட்டும் அவர் பொறுப்பு மேஜர் என்ற வரி அகப்பட்டது. தலைமை போனதும் பதவியும் போயிற்று. மூன்றுமே உண்மை, தேதிதான் வேறு.

என் அவசரமும் ஒரு தவறைச் செய்தது. விமானப் படையில் கேப்டன் என்று கண்டதை எழுத்துப் பிழையாகக் கருதி, அதற்கு நிகரான விமானப் படைப் பதவியான ஃப்ளைட் லெப்டினன்ட் என்று 'திருத்திவிட்டேன்'. 1918 ஏப்ரல் 1 அன்று உருவான அந்தப் படை 1919 ஆகஸ்ட் வரை தரைப்படைப் பதவிப் பெயர்களையே வைத்திருந்தது என்று தெரிந்ததும், அந்தத் திருத்தத்தை அடித்துவிட்டுப் பழையபடியே எழுதினேன். கடற்படைக் கேப்டனைத் தரைப்படைக் கேப்டனுக்குச் சமமாக வைத்துவிடாதீர்கள். அவர் கர்னலுக்கு நிகரானவர். பீரங்கிப் படையில் கன்னர், பொறியாளர் படையில் சாப்பர் என்று வருவன பதவி உயர்வுகள் அல்ல, அந்தந்தப் பிரிவில் சிப்பாய்க்கு வழங்கிய பெயர்கள்.

இப்போது என் பட்டியலில் ஒவ்வொரு பதவிக்கும் அருகே ஒரு தேதி இருக்கிறது, ஐந்து பேருக்கு மட்டும் கேள்விக்குறி. பித்தளையில் பொறித்ததை மாற்றச் சங்கத்தில் எவருக்கும் மனம் வராததால், பலகையில் அந்தப் பீரங்கி அணிக்காரர் இன்னும் மேஜர்தான்.