இருவர் சேர்ந்து எடுக்கும் வகுப்புக்கு ஆசிரியர்களைத் தயார்செய்த அனுபவம்

பள்ளியை முடித்துவிட்டு வரும் மாணவர்களுக்குக் கல்லூரி வாழ்க்கையைப் பழக்கிக் கொடுக்க, முதல் செமஸ்டரில் ஒரு தனிப்பாடம் வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. நேரத்தைத் திட்டமிடுவது, குறிப்பெடுப்பது, நூலகத்தைப் பயன்படுத்துவது, பேராசிரியரை அறையில் போய்ப் பார்த்துச் சந்தேகம் கேட்பது என்று, யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராத விஷயங்கள்தான் அதன் பாடத்திட்டம். அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1972-இல் தொடங்கிய ‘யுனிவர்சிட்டி 101’ இதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுகிறது. 1970-இல் அங்கே நடந்த மாணவர் கலவரத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்கும் மாணவர்களுக்கும் இடையே விழுந்த விரிசலைச் சரிசெய்ய அப்போதைய தலைவர் தாமஸ் ஜோன்ஸ் முன்வைத்த யோசனை அது. ஆசிரியர்கள் கற்பிக்கும் விதமும் மாற வேண்டும் என்பதால், ஆசிரியர் பயிற்சியும் அதனுடன் சேர்ந்தே பிறந்தது. இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. மாணவர்களை மட்டும் மாறச் சொல்லிவிட்டு நாம் அப்படியே இருந்துவிட முடியாது.

எங்கள் கல்லூரியில் இந்தப் பாடத்தின் ஒவ்வொரு பிரிவையும் இருவர் சேர்ந்து எடுப்பது என்று முடிவானது. ஒருவர் துறைப் பேராசிரியர். மற்றவர் உளவியல் ஆலோசகராகவோ நூலகராகவோ மாணவர் நலப் பிரிவு அலுவலராகவோ இருப்பார். அவர்களைத் தயார்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பயிற்சி என்றதும் எல்லோரும் எதிர்பார்த்தது பாடப்பொருளைத்தான். எந்த வாரம் எந்தத் தலைப்பு, எந்தப் பயிற்சித்தாள் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். அவற்றை அச்சிட்டுக் கொடுத்தாலே போதும். படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை. வகுப்பில் சேர்ந்து நிற்கப்போகிற இருவர் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பதுதான் உண்மையான சிக்கல் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை இணைகளின் உரையாடலுக்கே ஒதுக்கினேன்.

இணைந்து கற்பித்தலில் ஆறு முறைகள் உண்டு என்று அமெரிக்கக் கல்வியாளர்களான மர்லின் ஃப்ரெண்ட், லின் குக் ஆகிய இருவரும் வகுத்திருக்கிறார்கள். மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்புக் கல்வித் துறையில் உருவான வகைப்பாடு அது. ஒருவர் கற்பிக்க மற்றவர் கவனிப்பது, ஒருவர் கற்பிக்க மற்றவர் உதவுவது, வகுப்பை இரண்டாகப் பிரித்து இருவரும் ஒரே பாடத்தை நடத்துவது, இருவரும் சேர்ந்தே பேசிக்கொண்டு போவது என்று அந்தப் பட்டியல் நீளும். நடைமுறையில், சொல்லிக்கொடுக்காவிட்டால் எல்லா இணைகளும் போய் விழுகிற இடம் இரண்டாவது முறைதான். பேராசிரியர் பேசுவார், ஆலோசகர் வருகைப்பதிவு எடுப்பார், தாள்களை விநியோகிப்பார். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்க வழியில்லை. மாணவர்களும் முதல் மணி நேரத்திலேயே யார் ‘பெரியவர்’ என்று கணித்துவிடுவார்கள். அதன் பிறகு எந்தக் கேள்வியும் மற்றவரிடம் போகாது. மாணவர்களின் மனநிலையை நன்கு அறிந்த ஒருவரை வகுப்பின் மூலையில் உட்காரவைப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

இதை உடைக்க முதல் வகுப்பை ஒத்திகை பார்க்கவைத்தேன். வகுப்பைத் தொடங்கிவைப்பவர் பேராசிரியர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஒத்திகையில் நான் கூர்ந்து பார்த்தது ஒருவர் பேசும்போது மற்றவர் என்ன செய்கிறார் என்பதை. ஒரு பேராசிரியர், அனுபவம் மிக்கவர், நூலகர் கேள்வி கேட்டு முடித்த அடுத்த கணமே தானே விடையையும் சொல்லிவிட்டார். அவரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வகுப்பில் அமைதி நிலவினால் அதை நிரப்பிவிடுவது பல ஆண்டுப் பழக்கம். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 விநாடிகளாக நீட்டினாலே மாணவர்களின் விடைகள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே ஆராய்ந்து சொன்னதை அங்கேயே எடுத்துச் சொன்னேன். அடுத்த முறை அந்தப் பேராசிரியர் மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மாணவராக நடித்த சக ஆசிரியர் தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தார். இரண்டு ஆசிரியர்கள் இருப்பதன் பலன் அதுதான்: ஒருவர் கேட்கும்போது மற்றவரால் காத்திருக்க முடியும், முகங்களைப் பார்க்க முடியும், பின்வரிசையில் யார் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டார் என்பதைக் கவனிக்க முடியும்.

மதிப்பெண் விஷயத்தையும் முன்கூட்டியே பேசவைத்தேன். மாணவர் எழுதுவதுபோன்ற ஒரு அனுபவக் கட்டுரையை எல்லோரிடமும் கொடுத்துத் தனித்தனியே திருத்தச் சொன்னோம். ஒரே இணைக்குள்ளேயே மதிப்பெண்கள் எட்டாத தூரத்தில் நின்றன. ஒருவர் எழுத்துப் பிழைகளைப் பார்த்திருந்தார், மற்றவர் எழுதியவரின் நேர்மையைப் பார்த்திருந்தார். இருவரும் ஒரு முடிவுக்கு வரும்வரை அந்த அமர்வை முடிக்கவில்லை. தாமதமாக வரும் ஒப்படைப்பு, வகுப்பில் கைப்பேசி, வராத மாணவருக்குத் தகவல் சொல்வது யார் என்பவையும் எழுத்தில் வந்தன. இவை சின்ன விஷயங்கள்தான். ஆனால் அம்மாவிடம் கிடைக்காததை அப்பாவிடம் கேட்டுப் பார்க்கும் பிள்ளைகளைப்போல மாணவர்கள் இருவரையும் மாறிமாறி அணுகுவார்கள்; அப்போது இருவரின் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான் அதிக அக்கறையோடு நடத்திய பகுதி வேறு. இந்தப் பாடத்தில் மாணவர்கள் தங்களைப் பற்றி எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். வீட்டைப் பிரிந்த ஏக்கம், குடும்பத்தின் கடன், தனிமை எல்லாம் வெளியே வரும். சில நேரம் உயிருக்கே ஆபத்தான எண்ணங்களும் வரும். அப்போது என்ன செய்வது? “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொன்னோம். மாணவரின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் உரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்; அதை மாணவரிடமும் மறைக்கக் கூடாது. ஒருவர் வகுப்பைத் தொடர, மற்றவர் மாணவருடன் வெளியே நடந்து ஆலோசனை மையம்வரை கூடவே போக வேண்டும். தொலைபேசி எண்ணை எழுதிக் கையில் திணித்து அனுப்புவதற்கும் கூடவே நடந்து போவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆலோசகர் ஒருவர் விளக்கியபோது அறையில் ஒருவரும் குறிப்பேட்டைக் கூடத் தொடவில்லை. தனியாக வகுப்பெடுக்கும் ஆசிரியரால் இதைச் செய்ய முடியாது. இணைந்து கற்பித்தலுக்கு வேறு காரணமே இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே அதை ஆதரிப்பேன்.

செமஸ்டர் தொடங்கிய பிறகு எங்களுக்குப் பெரிய தடையாக இருந்தது கால அட்டவணை. வாரம் ஒரு முறை இருவரும் உட்கார்ந்து அடுத்த வகுப்பைத் திட்டமிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருந்தோம். பேராசிரியருக்கு ஓய்வு நேரம் இருக்கும்போது ஆலோசகருக்குச் சந்திப்புகள் இருக்கும். மாலையில் நூலகர் பணியில் இருக்க வேண்டும். சந்திக்க முடியாத இணைகள் வகுப்புக்கு முந்தைய சில நிமிடங்களில் நடைபாதையிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். அந்த வகுப்புகளில் மீண்டும் ஒருவர் பேச மற்றவர் தாள் விநியோகித்தார். தவறாமல் சந்தித்த இணைகளின் வகுப்புகளில், மாணவர்கள் ஆசிரியர்கள் இருவரிடமும் கேள்வி கேட்பதைப் பார்க்க முடிந்தது.

அடுத்த கல்வியாண்டுக்கு இணைகளை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அந்தத் திட்டமிடும் மணி நேரத்தைக் கால அட்டவணையில் அச்சிட்டு, இருவரின் பணிச்சுமையிலும் சேர்க்கும்படி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பயிற்சிக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார்கள். நாட்களைக் குறைத்துக்கொள்ளச் சம்மதம், அந்த மணி நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்று பதில் சொன்னேன்.