மணியை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் வளைவைப் பிடித்த கதை

5சிபி என்ற திரவப் படிகத்துக்குள், அதாவது நீள மூலக்கூறுகள் ஒரே திசையில் ஒழுங்காக நிற்கும் திரவத்துக்குள், ஒரு சிலிக்கா மணியை லேசரால் நகர்த்தப் போகிறேன் என்றதும் ஒளியியல் படித்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அது எப்படி முடியும்?" நியாயமான கேள்வி. ஒளி இடுக்கி, அதாவது துகளைப் பிடிக்கும் குவித்த லேசர், சாதாரணமாகப் பிடிப்பது, சுற்றியுள்ள திரவத்தைவிட ஒளிவிலகல் எண் அதிகமுள்ள துகளைத்தான். சிலிக்காவுக்கு அது சுமார் 1.45. 5சிபிக்கோ திசையைப் பொறுத்து 1.53 முதல் 1.71 வரை. கணக்குப்படி மணி விலகி ஓட வேண்டும்.

பெரும்பாடு மாதிரி தயாரிப்பதில்தான். சில மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மணிகளுக்கு டிஎம்ஓஏபி என்ற வேதிப்பொருளால் பூச்சு கொடுத்தால், 5சிபி மூலக்கூறுகள் மணியின் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும். கண்ணாடித் தகடுகளில் பாலிஇமைடு என்ற பாலிமரைப் பூசி ஒரே திசையில் தேய்த்தால், அங்கே எல்லாம் அந்தத் திசையில் படுக்கும். இந்த இரண்டு கட்டளைகளும் மோதும்போது, மணிக்குப் பக்கத்தில் ஒழுங்கு குலைந்த புள்ளி ஒன்று கட்டாயம் உருவாகிவிடும். மணியைச் சுற்றி மூலக்கூறுகள் திரும்பி நிற்கும் விதத்துக்கு, மின்னூட்டம் போல ஒரு எண் உண்டு; டோபாலஜி மின்னூட்டம் என்பார்கள். அதை அந்தப் புள்ளி ஈடுகட்டியாக வேண்டும். மணிகள் கலந்த 5சிபியை, ஒழுங்கு கலைந்து சாதாரணத் திரவமாகும்படி 35 டிகிரிக்கு மேல் சூடாக்கி, தகடுகளுக்கிடையே நிரப்பி, மெதுவாக ஆறவிட்டேன். ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு போலரைசர்களுக்கிடையே (ஒரே அதிர்வுத் திசையுள்ள ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகள்) வைத்துப் பார்த்தபோது மணியை ஒட்டி அந்தப் புள்ளி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது! பாடத்தில் வரைந்து பார்த்ததை நேரில் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

அப்புறம் 1064 நானோமீட்டர் லேசர். குவியத்தை மணிமேல் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தேன். மணி வந்தது, அதுவும் குவியத்தின் அளவைவிட அதிகத் தூரத்திலிருந்து. ஒளியின் அதிர்வுத் திசை தேய்த்த திசைக்குச் செங்குத்தாக இருந்தால், சுற்றுப்புறம் அதற்கு 1.53, மணியைச் சுற்றி மூலக்கூறுகள் வளைந்த பகுதி அதைவிட அதிகம். ஒளி பிடிப்பது அந்த வளைவைத்தான், மணியை அல்ல. அதிர்வுத் திசையைத் திருப்பினேன், பிடி தளர்ந்தது. திறனைக் கூட்டினால் ஒளியே மூலக்கூறுகளைத் திருப்பி, தனக்கென்று ஒரு வளைவை உண்டாக்கிக்கொள்கிறது. லேசர் திறனை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் போலரைசேஷனை, அதாவது அந்த அதிர்வுத் திசையைக் கவனியுங்கள் என்பதுதான்.

இரண்டு மணிகளை அருகே கொண்டுபோனால் தலைக்கு வால் என்று தாமாகவே சேர்ந்துகொள்கின்றன. பிணைப்பு ஆற்றல் வெப்ப அசைவின் ஆற்றலைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. லேசரை அணைத்தாலும் பிரியாது.

கடைசியாக, மணியின் விட்டத்தைவிடச் சற்றே அதிகமான இடைவெளியில் தகடுகளை வைத்து, 2007இல் ஸ்லோவேனியாவின் லூப்லியானா குழு வெளியிட்ட முறையை முயன்றேன். ஒரு ஜோடியைச் சுற்றியுள்ள திரவப் படிகத்தை லேசரால் உருக்கிவிட்டுச் சட்டென்று அணைத்தால், ஒழுங்கு குலைந்த சிக்கலான கோடுகள் தோன்றிச் சுருங்கும். பல தடவை தனித்தனி வளையங்கள்தான் கிடைத்தன. பிறகு ஒருமுறை, ஒரே கோடு இரண்டு மணிகளையும் சுற்றிக் கட்டி நின்றது. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வந்தது. பிரிக்க வேண்டுமானால் அந்த இடத்தை மறுபடி உருக்கலாம். நான் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.