ரப்பரை வாங்கி வைத்த வாரம்

ஜனவரி 20, திங்கள்
பொங்கல் லீவு முடிந்து இன்று பள்ளி. நாலாம் வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள், பாலமேடும் அலங்காநல்லூரும் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஜல்லிக்கட்டைப் பற்றி எழுதச் சொன்னேன். எல்லா நோட்டிலும் 'ஜல்லிக்கட்டு தமிழர்களின் வீர விளையாட்டு' என்றுதான் ஆரம்பம். வீட்டில் காளை வளர்க்கிற பிள்ளையும் அதையேதான் எழுதியிருந்தாள். மணி அடித்ததும் பக்கத்தில் இருந்தவனிடம் கையை ஆட்டி ஆட்டி அவள் சொன்ன கதையில் ஒரு வரிகூட நோட்டில் இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்
இன்று நோட்டையே எடுக்க விடவில்லை. ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பேச்சு மட்டும்தான். பருத்திக்கொட்டை ஊறவைத்தது, கண்மாயில் நீச்சல் விட்டது, கொம்பால் மண் குத்தப் பழக்கியது என்று அந்தக் காளை வீட்டுப் பிள்ளை சொல்லச் சொல்ல நான் போர்டில் எழுதிப்போட்டேன். "இதையெல்லாம் எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஜனவரி 22, புதன்
ரப்பரை எல்லாம் ஒரு டப்பாவில் வாங்கி வைத்துவிட்டேன். இரண்டு பேருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பையன் முதல் வரியைத் தேய்த்துத் தேய்த்துத் தாளையே ஓட்டையாக்குவான், இரண்டாவது வரிக்குப் போகவே மாட்டான். தப்பு என்று தோன்றினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போ, இது முதல் நகல்தான் என்றேன். இன்று அரைப்பக்கம் எழுதிவிட்டான்! 1970களின் கடைசியில் டொனால்ட் கிரேவ்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளியில் இரண்டு வருடம், பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்று பக்கத்திலேயே இருந்து பார்த்தார். முடித்த தாளைத் திருத்துவதைவிட, எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 24, வெள்ளி
எழுதியதை ஒருத்தருக்கொருத்தர் படித்துக் காட்டினார்கள். கேட்கிறவர் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், குறை சொல்லக் கூடாது. அவள் தாளில் கடைசி வரி, 'வாடிவாசலைத் தாண்டி எங்க கருப்பன் ஓடிப்போச்சு.' "அப்புறம் எப்படிப் பிடிச்சீங்க?" என்றான் பக்கத்துப் பையன். நான் வாயே திறக்கவில்லை. தாளைக் குறுக்கே திருப்பி, ஓரத்து மார்ஜினில் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்: 'அப்பா கயிரோட இருட்ற வரைக்கும் தேடுனாங்க. அப்பா சத்தம் கேட்டதும் நின்னு திரும்பிப் பாத்துச்சு.'

ஜனவரி 28, செவ்வாய்
பிழை திருத்தம் கடைசியில்தான். ஒரு ஆளுக்கு இரண்டு பிழைக்கு மேல் தொடவில்லை, அவளுக்குக் 'கயிரு' கயிறானது. எல்லாவற்றையும் சிவப்பு மையில் வட்டம் போட வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். போட்டால் அடுத்த தடவை எழுத்து தெரிந்த வார்த்தையை மட்டுமே எழுதுவாள், கருப்பன் வரவே மாட்டான். பேச்சு வழக்கில் இருந்ததை அப்படியே விட்டேன்.

ஜனவரி 29, புதன்
நல்ல நகல் எடுத்து, வராண்டாவில் சணல் கட்டி எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குத் தலைப்பை என் பிள்ளைகளே சொல்லட்டும்.