பூக்கூடைத் துண்டு

3 ஜனவரி 2025, வெள்ளி

கட்டுப் போட்டு இன்றோடு 14 நாள். கோவையில் வடவள்ளி தாண்டி மருதமலை ரோட்டு வளைவில் மணலில் ஸ்கூட்டர் வழுக்கி, இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வலது கை நன்றாகத்தானே இருக்கிறது, தினமும் நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுதிப் பாரேன் என்றாள் தோழி. சரி என்று எழுதினேன்: குடும்பம், வேலை, தலையில் அடிபடாதது. மூன்றும் உண்மைதான், ஆனால் எழுதும்போது மனசுக்குள் ஒன்றுமே அசையவில்லை.

6 ஜனவரி, திங்கள்

ஏன் அசையவில்லை என்று யோசித்துக்கொண்டே கொஞ்சம் படித்தேன். இந்தப் பழக்கத்தைப் பெரிதாகப் பேசவைத்தது உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வு. அதில் ஒரு பகுதியில் கல்லூரி மாணவர்களை 10 வாரம் எழுதவைத்தார்கள், வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து விஷயம். எரிச்சல்களை எழுதியவர்களைவிட நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். அப்புறம் சோன்யா லுபோமிர்ஸ்கி குழு செய்த இன்னொரு ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்த பலன் வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லையாம். எனக்கு இது ரொம்ப நிம்மதி. தினமும் எழுதப் போவதில்லை, ஏதாவது தட்டுப்படும் நாளில் மட்டும்.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது குறளின் 11ஆம் அதிகாரம், செய்ந்நன்றி அறிதல். பள்ளியில் படித்ததுதான். அங்கே ‘நன்றி’ என்பது நாம் வாயால் சொல்லும் சொல் இல்லை, ஒருவர் நமக்குச் செய்த நல்லது. நமக்கு விட்டிருக்கும் வேலை அதை ‘அறிதல்’. அப்படியென்றால் குடும்பம், வேலை என்று தலைப்பு எழுதினால் போதாது, யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

8 ஜனவரி, புதன்

விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான். வழக்கமாக நான் தூக்கக் கலக்கத்தில் முனகிக்கொண்டே குடம் வைப்பேன். இன்றைக்கு மகள் பிடித்து ஊற்ற, நான் வாசலில் சும்மா நின்றேன். அப்போதுதான் தெருமுனையில் ஒருவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து வால்வு திருகுவதைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாகக் குடிக்கிறேன், அந்த ஆளைப் பார்த்தது இதுதான் முதல்தடவை.

சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, சாடிவயலில் சுத்தமாகி, குழாய் குழாயாக ஓடி, கடைசியில் ஒரு மனிதரின் கையால் என் குடத்துக்கு வருகிறது. சிறுவாணித் தண்ணி மாதிரி வராது என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறோம், அந்தக் கையை யாரும் பேசுவதில்லை.

“டீ குடிக்கறீங்களாங்க?” என்றேன். “இன்னும் நாலு வீதி இருக்குதுங்க” என்று போய்விட்டார். அடுத்தமுறை பிளாஸ்கில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

10 ஜனவரி, வெள்ளி

கோபமான நாள். லீவுக்குப் பாதிச் சம்பளம் பிடித்துவிட்டார்கள், கேட்டதற்கு “வேலை இருக்குதேன்னு நன்றியோட இருங்க” என்று பதில். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் கேட்டு வாங்கும் நன்றியை நான் இந்த நோட்டில் சேர்க்கமாட்டேன். நான் பார்த்த வேலைக்குத்தான் அந்தச் சம்பளம். மெடிக்கல் சர்டிபிகேட்டை இணைத்து மறுபடியும் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

13 ஜனவரி, திங்கள். பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டு

வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி மகள் வாசலில் செருகினாள். பிறகு எனக்குத் தலை சீவிவிட்டாள். இந்த மூன்று வாரமாகத் தினமும் அவள்தான், முதலில் இழுத்து இழுத்து வலிக்கும், இப்போது சிக்கெடுக்கும்போது முடியின் அடியைப் பிடித்துக்கொள்கிறாள், யாரும் சொல்லித்தரவில்லை. பதினோரு வருடம் அவளுக்கு நான் சீவியபோது அப்படித்தான் பிடித்தேன் போலிருக்கிறது.

அத்தை சோறு பிசைந்து தட்டில் வைத்தபோது “தேங்க்ஸ் அத்தை” என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “என்ன கண்ணு, வெளியாளுகிட்டச் சொல்ற மாதிரி சொல்ற?” எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. அவர் வளர்ந்த ஊரில் வீட்டுக்குள் அந்த வார்த்தையே இல்லை. ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை அவர் ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்.

அதை நினைத்ததும் பீரோவில் மடித்து வைத்த துண்டு ஞாபகம் வந்தது.

விழுந்த அன்று கூட்டம் கூடியது, நாலைந்து பேர் வண்டியைத் தூக்கினார்கள். ஓரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும் கூடையின் மேல் பூ வாடாமல் போர்த்தியிருந்த ஈரத் துண்டை எடுத்து, என் கையை மடக்கி, கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அந்த வெயிலில் அவர் பூ என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. பேரும் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறியபிறகுதான் மல்லிகை வாசம் வந்தது. ‘செய்யாமல் செய்த உதவிக்கு வையகமும் வானகமும் ஆற்றல் அரிது’ என்ற குறளுக்கு, நாம் முன்னால் எதுவுமே செய்திராத ஒருவர் நமக்குச் செய்வது என்று உரை சொல்வார்கள். அதற்கு மண்ணும் விண்ணும் ஈடாகாது என்றால் இந்தத் துண்டுக்கு நான் எதைக் கொடுப்பது?

19 ஜனவரி, ஞாயிறு

ஆட்டோ பிடித்துப் போனேன், அந்த இடத்தில் அவர் இல்லை. பக்கத்து இளநீர்க்காரர், “சத்திக்குப் போயிருக்குதுங்க, பொங்கல் முடிஞ்சு வரும்” என்றார். அந்த அம்மாவுக்குச் சத்தியமங்கலம்தான் ஊராம், மல்லிகைக்காட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். துண்டைத் திருப்பி எடுத்துவந்தேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கட்டுப் பிரித்தார்கள். கை சூம்பிப்போய் வேறு யாருடையதோ போலிருக்கிறது, தோசைக்கரண்டிகூடக் கனக்கிறது. சம்பள விஷயத்துக்கு இன்னும் பதில் இல்லை. வால்வுக்காரர் போனவாரம் டீ குடித்தார், சர்க்கரை கம்மி வேண்டுமாம்.

இன்று காலை அத்தை கச்சாயம் சுட்டார். எதற்கு என்று நான் சொல்லியிருந்ததால் வெல்லம் தாராளமாகவே போட்டார். ஒரு தூக்குப்போசியில் நிறைத்து, துண்டை மேலே வைத்து எடுத்துக்கொண்டு போனேன். தைப்பூசம் வருவதால் மருதமலை ரோட்டில் நல்ல கூட்டம். அவர் அதே இடத்தில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, கையைக் காட்டியதும்தான், “அட, வண்டியில உழுந்த கண்ணு!” என்றார்.

என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனேன், தொண்டை அடைத்துக்கொண்டது. தூக்கை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முதலில் என் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எண்ணெய் தேய்க்கச் சொன்னார். பேர் கேட்டேன், சொன்னார். அதை இங்கே எழுதவில்லை, எனக்குத் தெரியும்.

பிறகு துண்டை விரித்து முகர்ந்து, “சோப்பு வாசமடிக்குது” என்றபடி குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தெளித்து, பிழிந்து, பூக்கூடையின் மேல் போர்த்தினார்.