பாதி மொட்டை, பாதி பச்சை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்த காலத்தில், ஆட்கள் வருகையைப் பதியும் பெரட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதியைச் சொந்த ஆசைக்காக எழுதி வைப்பேன்: பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலை உதிர்க்கத் தொடங்கிய நாள். பெரும்பாலும் பிப்ரவரி. மழை விட்டு வெயில் காய்ந்தால் இலை பழுத்துக் கொட்டும். நிரைக்குள் நடந்தால் அப்பளத்தை மிதிப்பது போலச் சத்தம் கேட்கும். பால் குறையும், கூலியும் குறையும். செம்பு நிறத்தில் துளிர் வந்த பிறகுதான் ஆட்கள் முகம் தெளியும்.

ஒரு வருடம் வெயில் காலத்தின் நடுவே மழை புகுந்துவிட்டது. ஒரே நிரையில் ஒரு மரம் மொட்டை, பக்கத்து மரம் பச்சை. இளந்துளிரில் வெள்ளைப் பூஞ்சை படிந்து அதுவும் உதிர்ந்தது. நானோ பழைய தேதிகளை நம்பி, அடுத்த மாதம் இவ்வளவு பால் வரும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மேலிடத்தில் நல்ல ஏச்சு. "மரமே கொழம்பிப் போயி நிக்குது, கிராணி ஐயா என்ன செய்வாரு?" என்று பால்வெட்டும் அக்கா ஒருவர் எனக்காகப் பேசினார்.

ஓய்வு பெற்ற அப்புறம்தான் குளிர்நாட்டு மலை மரங்களைப் பற்றிப் படித்தேன். சுவிட்சர்லாந்தில் 1960 வாக்கில், ஆயிரம் மீட்டர் மேலே போனால் மரம் 34 நாள் தாமதமாகத் துளிர்த்ததாம். 2016இல் அந்த இடைவெளி 22 நாள்தான். சூடு கூடியதால் மேலே இருப்பவை முந்திவிட்டன, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அது பாதிக் கதை. கீழே உள்ள மரங்கள் அதே வேகத்தில் முந்தவில்லை. மொட்டு விழிக்கும் முன் குளிரில் நன்றாக உறங்கியிருக்க வேண்டும். குளிர்காலமே இளஞ்சூடாகிவிட்டால் அரைத் தூக்கம்தான். அப்புறம் எழுப்புவதற்கு இன்னும் அதிக வெப்பம் தேவைப்படுகிறது. மத்திய ஐரோப்பாவில் ஒரு பாகை (டிகிரி) சூடு கூடினால் 1980 முதல் 1994 வரை 4 நாள் முந்தித் துளிர்த்த மரங்கள், 1999 முதல் 2013 வரை 2.3 நாள்தான் முந்தின.

நம் பால்மரம் குளிருக்குக் காத்திருப்பதில்லை, அதற்கு வறட்சிதான் சைகை. இருந்தாலும் அன்றிரவு பழைய புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். இலை கொட்டத் தொடங்கிய தேதி எல்லா வருடமும் இருக்கிறது. மரம் முழு மொட்டையாக எத்தனை நாள் நின்றது என்பதை ஒரு வருடம்கூட நான் குறிக்கவில்லை. பால் இல்லாத நாளில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டிருக்கிறேன்.