கட்டுத்தறி ஃபேன் கன்ட்ரோலர், இதுவரைக்கும் ஆனது

நம்ம கட்டுத்தறில நாலு மாடுங்க, மூணு ஜெர்சி கிராஸ், ஒண்ணு எச்எஃப் (ஹோல்ஸ்டீன்) கிராஸ். சித்திரை வெயில்ல எச்எஃப் மத்தியானம் பூரா வாயத் தொறந்து மூச்சு வாங்கி பாலும் குறைஞ்சுது, அதுலதான் இந்த வேலைல இறங்குனேன். புரோகிராம் ஓடற ஒரு இஎஸ்பி32 போர்டு, அது சொன்னா ஆன் ஆஃப் பண்ற ரிலே, சூடும் ஈரமும் பாக்கற டிஎச்டி22 சென்சார், ரெண்டு பெரிய ஃபேன், பனி மாதிரி தண்ணி தெளிக்கற ஃபாகருக்கு ஒரு சின்ன மோட்டார். 32 டிகிரி தாண்டுனா எல்லாம் ஓடணும், அவ்ளோதான் புரோகிராம்.

மழை பேஞ்ச ஒரு ராத்திரி 28 டிகிரிதான் காட்டுது, ஃபேன் நிக்குது, ஆனா மாடு மூச்சு வாங்குது. பாத்தா ஈரப்பதம் 85. அப்புறந்தான் டிஎச்ஐ கணக்கு தெரிஞ்சுது, சூட்டையும் ஈரத்தையும் சேத்துப் போடற கணக்கு. 36 டிகிரி, 40 சதம் ஈரம்னா 84 வருது, அந்த ராத்திரிக்குப் போட்டா அதுவும் 80!

சரின்னு அதுக்கு மாத்துனேன். கறவை மாட்டுக்கு 72லயே சிரமம் ஆரம்பிக்கும்னு போட்டிருந்துச்சு, அதையே வெச்சேன், ஃபேன் நிக்கவே இல்ல. 24 டிகிரி, 80 சதம் ஈரத்துக்கே 73 வந்துருது, நம்மூர்ல எங்க நிக்கப்போகுது. அப்பா கரன்ட் மீட்டரப் பாத்துட்டு "ஏஞ்சாமி, இதுக்கு நேரா வயரக் குடுத்துட்டுப் போலாமல்லோ"ன்னாரு. இப்ப 77ல ஓடும், 75ல நிக்கும். ஃபாகர் மட்டும் ஈரம் 65க்குக் கீழ இருந்தாத்தான், அதும் ஒரு நிமிசம் அடிச்சு நாலு நிமிசம் சும்மா. ஈரக்காத்துல அடிச்ச தண்ணி ஆவியாகாம தரைதான் நசநசங்குது, அதுல படுத்தா மடிநோய்க்கு நாமளே வழி பண்ணுன மாதிரி.

இதுக்கு நடுவுல சென்சார் ஃபாகர் சாரல்ல நனைஞ்சு எப்பவும் 99.9ன்னே நின்னுருச்சு. மூடி போட்ட எஸ்எச்டி31 சென்சார் வாங்கி, சாரல் படாத பக்கமா மாட்டுத் தலை உசரத்துக்குத் தொங்கவிட்டிருக்கேன்.

ரொம்ப நாள் தின்னது வேற. ஃபாகர் மோட்டார் நிக்கறப்பெல்லாம் போர்டு ரீசெட் ஆகும். அடாப்டர் மாத்துனேன், வயர் மாத்துனேன், ரெண்டு வாரம் போச்சு, கடைசில பாத்தா மோட்டாரப் போட்டு நிறுத்தற கான்டாக்டர்ங்கற சுவிட்சோட காயில் ஆஃப் ஆகறப்ப கிளப்பற நாய்ஸ். காயிலுக்குக் குறுக்க 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேந்த ஸ்னப்பர் போட்டதும் அடங்கிருச்சு. முப்பது ரூவா கூட இருக்காது, எரிச்சல்தான் வந்துச்சு.

ஃபேன் லைன ரிலேல என்சி பக்கம், அதாவது ரிலே ஆஃப்ல இருக்கறப்ப சேந்திருக்கற பக்கம் மாத்திட்டேன், போர்டு செத்தாலும் கரன்ட் இருக்கற வரைக்கும் ஃபேன் ஓடும், ஃபாகர் நின்னுக்கும்.

பால் ஏறுச்சான்னு கேட்டா, ஏறிருக்கு. ஆனா மழையும் வந்து பசுந்தீவனமும் வந்துருச்சு, எதுனாலன்னு எப்படிச் சொல்ல.

கன்னுக்குட்டி சென்சார் வயர நக்கிட்டே இருக்கு. ஞாயித்துக்கெழமை பைப்புக்குள்ள விடணும்.